முப்பது எழுத்துக்கு மேல்

அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பேர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. அவள் தண்ணீர் பிடிக்கப் போகும்போது அங்கே நடக்கும் பேச்சு சட்டென்று வெயிலைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ மாறிவிடும்; அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். பேர் வைத்தது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். வெளியாள் வைத்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. வைத்தவள் சொந்த நாத்தனார்.

ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்பும் மொத்த வியாபாரம் அது. கீழே கிடங்கு, மேலே அலுவலகம். மாடியின் ஒரு கோடியில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது பூட்டக்காவின் வேலை. எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரிக்கு என்ன போயிற்று என்கிற சகலமும் அவளுடைய அட்டவணைகளுக்குள் இருந்தது. மறுகோடியில், கண்ணாடி போட்ட வெளிச்சமான அறையில் நாத்தனார். கிடங்கும் அலுவலகமும் உபயோகிக்கிற புரோகிராமை எழுதும் குழுவுக்கு அவள்தான் தலைவி. வீட்டிலும் இதே ஏற்பாடுதான்: கீழே பூட்டக்காவும் புருஷனும், மாடியில் அவன் தங்கை. காலையில் ஒரே கேட்டைத் திறந்துகொண்டு பூட்டக்கா பஸ்ஸுக்குப் போவாள், நாத்தனார் ஸ்கூட்டரில் போவாள். ஸ்கூட்டரின் பின்சீட்டில் சாப்பாட்டுப் பை ஜம்மென்று உட்கார்ந்து போகும்.

பூட்டு விவகாரம் போன வருஷம் ஆரம்பித்தது. நாத்தனாரின் குழுவில் ஒருவன், சோதனைக்கு வைத்திருந்த மெஷின் என்று நினைத்து நிஜ டேட்டாபேஸில் கை வைத்துவிட்டான். அரை நாள் முழுக்கக் கிடங்கில் ஒரு மருந்தும் இல்லை என்று ஸ்கிரீன் காட்டியது. அலமாரி நிறைய மருந்தை வைத்துக்கொண்டு ஆட்கள் முழித்தார்கள். அன்றைக்கே பூட்டக்கா அத்தனை பேருடைய அனுமதியையும் பிடுங்கினாள். மாற்றுவதற்கு மட்டுமில்லை, பார்ப்பதற்கும். எந்த அட்டவணையில் எந்தெந்தத் தகவலுக்குப் பத்தி பிரித்திருக்கிறது, அது எத்தனை எழுத்து கொள்ளும் என்பதைக்கூட இனி அவளிடம் வந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்டால் சொல்லுவாள். ஆனால் நாத்தனார் கேட்கவில்லை. ஒரு வருஷமாக ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தெரிந்ததை வைத்து ஓட்டினாள், தெரியாததை ஊகித்து எழுதினாள்.

இந்த நிலைமையில்தான் புரோகிராம் நொண்ட ஆரம்பித்தது. காலையில் ஆஸ்பத்திரிகளின் ஆர்டர்கள் மொத்தமாக வந்து இறங்கும் நேரத்தில் ஸ்கிரீன் அப்படியே உறைந்து போகும். கிடங்கு மேஸ்திரி மாடிப்படியின் கீழே நின்றுகொண்டு, மேலே யாராவது உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்பார். நாத்தனார் எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள்: புரோகிராமில் குறையில்லை, டேட்டாபேஸ்தான் படுத்துக்கொள்கிறது, அதைப் பார்த்துக்கொள்கிறவர்களைக் கேளுங்கள்.

முதலாளி இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். சுற்றி வளைக்காத மனுஷர். டேட்டாபேஸை மொத்தமாக வெளிக்கம்பெனி ஒன்றின் பொறுப்பில் விட்டுவிடலாம் என்று நாத்தனார் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அது நியாயமாகத்தான் படுகிறது, அதற்கு முன்னால் நீ என்ன சொல்கிறாய் என்று பூட்டக்காவைக் கேட்டார். அப்படிப் போனால் அந்த ஜன்னல் இல்லாத அறையும் வேண்டாம், அதில் உட்கார ஆளும் வேண்டாம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இந்த விஷயம் நேற்றிரவு எல்லோரும் சேர்ந்து சாப்பிட்ட மேஜையிலேயே இருந்திருக்கிறது. கூட்டு பரிமாறிய கை எழுதிக் கொடுத்திருக்கிறது.

பூட்டக்கா தன் மடிக்கணினியை முதலாளி பக்கம் திருப்பி வைத்து விளக்கினாள். டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி வந்தால், எப்படித் தேடுவது என்று அது முதலில் யோசித்து ஒரு வழி வகுக்கும். அதற்கு பிளான் என்று பேர். யோசிப்பதற்குத்தான் நேரமாகும். அதனால் வகுத்த வழியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்; அதே கேள்வி மறுபடி வந்தால் யோசிக்காமல் பதில் சொல்லும். இங்கே கேள்வி என்னவோ ஒன்றுதான்: இந்தப் பெயரில் உள்ள மருந்து எங்கே? ஆனால் அந்தக் கேள்வியை மனிதர் யாரும் எழுதுவதில்லை. புரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் ஓஆர்எம் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதுதான் எழுதி அனுப்புகிறது. பெயருக்கு ஒரு காலியிடம் விட்டு, அந்த இடம் எத்தனை எழுத்து அகலம் என்பதையும் சேர்த்துச் சொல்லும். அகலம் இவ்வளவு என்று யாரும் சொல்லிவைக்காவிட்டால், வந்த பெயரின் எழுத்துகளை எண்ணி அதையே அகலமாகப் போட்டுவிடும். ஏழு எழுத்துப் பெயருக்கு ஏழு, எட்டு எழுத்துப் பெயருக்கு எட்டு. டேட்டாபேஸுக்கு அது வேறு கேள்வி, இது வேறு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் புதிதாக யோசிக்கிறது. கம்பெனிப் பெயருக்கு ஒரு காலியிடம், ஆஸ்பத்திரிப் பெயருக்கு ஒன்று என்று சேரச் சேர, கேள்விகள் பெருகிக்கொண்டே போகின்றன.

"ஒரே ஆளு சட்டைய மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு வந்து, நான் புது ஆளு, நான் புது ஆளுங்கறான் சார். என் மெஷின் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தனையும் விசாரிச்சுக்கிட்டே இருக்கு," என்றாள்.

திரையில் ஒரே கேள்வி வரிவரியாக இறங்கியது. எல்லாம் எழுத்துப் பிசகாமல் ஒன்று. அகலம் என்று அடைப்புக்குள் இருந்த எண் மட்டும் வேறு வேறு. முதலாளி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாத்தனாரைப் பார்த்தார்.

நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. இது ஓஆர்எம்மின் வழக்கம், உலகம் முழுக்க இப்படித்தான் ஓடுகிறது என்றாள். உலகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அகலத்தைச் சொல்லிவைக்க முடியுமா முடியாதா என்றார் முதலாளி. முடியும் என்றாள். அப்படியானால் நாளை மறுநாள் காலைக்குள் சரியாக வேண்டும், சரியான பிறகும் மெஷின் படுத்தால் பழி பூட்டக்காவுடையது, அப்போது வெளிக்கம்பெனிதான் என்று முடித்துவிட்டார். ஆளுக்குப் பாதி அடி கொடுத்து அனுப்பிய மாதிரி இருந்தது.

அன்று இரவு மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பூட்டக்காவின் புருஷன் கரண்டிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஆபீஸை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வரக்கூடாதா என்று தட்டைப் பார்த்துக் கேட்டான். தங்கை, நான் விட்டுட்டுத்தான் வந்தேன் அண்ணா, ஒரு சிலருக்குத்தான் எதையும் திறந்து வெளியே விட மனசு வராது என்றாள். அவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான். எப்போதும் அவன் கை கழுவத்தான் போவான்.

மறுநாள் பிற்பகல், சோதனை மெஷினுக்கு வரும் கேள்விகளைப் பூட்டக்கா தன் அறையிலிருந்து பார்த்தாள். நாத்தனார் வேலையை முடித்திருந்தாள். கேள்விகள் இப்போது ஒரே சட்டையில் வந்தன. எந்தப் பெயர் வந்தாலும் அடைப்புக்குள் ஒரே எண்.

முப்பது.

பூட்டக்கா நாற்காலியில் சாய்ந்தாள். அவளுடைய அட்டவணையில் மருந்துப் பெயரின் பத்தி நூற்றிருபது எழுத்து கொள்ளும். முப்பது எங்கேயிருந்து வந்தது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஸ்கிரீனில் மருந்துப் பெயரைத் தட்டும் பெட்டி முப்பது எழுத்துக்கு மேல் வாங்காது. நாத்தனார் அதைப் பார்த்து எழுதியிருக்கிறாள். ஸ்கிரீனில் தட்டி சோதித்தும் பார்த்திருக்கிறாள். எல்லாம் ஒழுங்காக வந்திருக்கும். ஆனால் காலையில் வரும் ஆஸ்பத்திரி ஆர்டர்களை யாரும் ஸ்கிரீனில் தட்டுவதில்லை. அவை ஃபைலாக வந்து நேரே உள்ளே போகும், முழுப் பெயரோடு. மருந்து, தயாரித்த கம்பெனி, மாத்திரையா சிரப்பா, கடைசியில் எவ்வளவு வீரியம், யாருக்கு. முப்பதுக்குள் அடங்குவது அதில் பாதிகூட இருக்காது.

எழுந்து அந்தக் கோடிக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நூற்றிருபது. அவ்வளவுதான்.

அவள் எழுந்திருக்கவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டாள். முப்பது எழுத்து இடத்துக்குள் அறுபது எழுத்துப் பெயரைத் திணித்தால் என்ன ஆகும்? புரோகிராம் கத்தும். சிவப்புப் பெட்டி போட்டு நிற்கும். ஒரு மருந்தும் கிடங்கை விட்டு நகராது. ஒரு மணி நேரம் எல்லோரும் கண்ணாடி அறையைப் பார்ப்பார்கள். யாருக்கும் சேதமில்லை, நாத்தனாரின் மானத்தைத் தவிர. அது கொஞ்சம் போகட்டும் என்று நினைத்தாள். நினைத்ததும் உடம்புக்கு இதமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் வீட்டில் ஒரு வாய்ப்பு வந்தது. நாத்தனார் துணி எடுக்கக் கீழே வந்தாள். பூட்டக்கா கொடியின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தாள். நடுவில் ஒரு ஈரப் போர்வை. என்ன இருந்தாலும் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வார்த்தை வாய் வரை வந்தது.

"நாளைக்கு உங்க மெஷினுக்கு மூச்சு வந்துரும் அண்ணி," என்றாள் நாத்தனார் போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து. "அதுக்கப்புறமும் படுத்துச்சுன்னா வேற சாக்கு தேடி வச்சுக்கோங்க."

பூட்டக்கா கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். வந்த வார்த்தை வந்த வழியே போய்விட்டது.

காலையில் புது புரோகிராம் ஏறியது. ஆர்டர்கள் வந்து இறங்கின. பூட்டக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிவப்புப் பெட்டிக்காகக் காத்திருந்தாள்.

ஒன்றும் கத்தவில்லை. ஸ்கிரீன் உறையவுமில்லை. எல்லாம் தண்ணீராக ஓடியது. கீழேயிருந்து மேஸ்திரி, என்ன மாயம் பண்ணினீர்கள், என் ஆட்கள் ஓட வேண்டியிருக்கிறது என்று சிரித்தார். முதலாளி கண்ணாடி அறைக்குள் போய் நாத்தனாரின் மேஜையைத் தட்டிவிட்டு வந்தார். வரும் வழியில் பூட்டக்காவின் வாசலில் நின்று, பார்த்தாயா என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

அவளுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. ஏன் கத்தவில்லை? வந்த கேள்விகளைத் திறந்தாள். முதல் கேள்வியின் காலியிடத்தில் ஒரு மருந்தின் பெயர் இருந்தது. கம்பெனிப் பெயரின் நடுவில், ஒரு சொல்லின் பாதியில், கத்தியால் சீவின மாதிரி நின்றிருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

ஓஆர்எம் சண்டை போடவில்லை. இடம் போதாத பெயரை வெட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் அனுப்பிக்கொண்டிருந்தது.

அவளுடைய அட்டவணையில் மருந்தின் பெயருக்குப் பின்னால் பெட்டியின் அளவும் ஒட்டியிருக்கும். அதனால் 'இப்படித் தொடங்கும் பெயர்' என்றுதான் கேள்வி கேட்கும். முழுப் பெயரைக் கொடுத்தால் சரியான மருந்து ஒன்றுதான் அகப்படும். பாதிப் பெயரைக் கொடுத்தால், அந்தப் பாதியில் தொடங்குகிற அத்தனையும் அகப்படும். வீரியம் குறைந்தது, கூடியது, பெரியவர்களுக்கு, குழந்தைகளுக்கு. புரோகிராம் அதில் முதலாவதை எடுத்துக்கொள்ளும். முதலாவது பெரும்பாலும் பெரியவர்களுக்கானது.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. அவளால் உடனே செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. புரோகிராம் டேட்டாபேஸுக்குள் நுழையும் கணக்கையே முடக்கினாள். கட்டடம் முழுக்க ஸ்கிரீன்கள் செத்தன. கண்ணாடி அறையில் நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. அவள் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

வண்டிகளை நிறுத்துங்கள் என்றதற்கு மேஸ்திரி அசையவில்லை.

"வண்டிய நிறுத்தறதுன்னா முதலாளி சொல்லணும்க்கா. நீங்க சொல்லி நான் நிறுத்தினா, சாயங்காலம் என்னை நிறுத்திருவாரு."

அவள் வாதாடவில்லை. கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளில் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு என்று எழுதியிருந்ததைத் தேடி எடுத்து, நாடாவைக் கிழித்தாள். உள்ளே இருந்த மருந்துப் பெட்டி ஒன்றை அவர் கையில் வைத்து, கடைசி வரியைப் படிக்கச் சொன்னாள். மேஸ்திரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்: பெரியவர்களுக்கு மட்டும். பெட்டியைத் திருப்பி மறுபடி படித்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, ஷட்டரை இறக்கு என்று போட்ட சத்தத்தில் கிடங்கே நின்றது. ஒரு வண்டி ஏற்கெனவே போயிருந்தது. ஓட்டுநரை போனில் பிடித்தார்கள். இறக்க ஆரம்பிக்கவில்லை, ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நிற்கிறேன் என்றான். திரும்பி வா என்றார் மேஸ்திரி. காரணம் கேட்டதற்குக் காது கூசும்படி ஒன்று சொன்னார்.

முதலாளியின் அறையில் அந்த மருந்துப் பெட்டி மேஜை நடுவில் இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. முப்பது என்று யார் போட்டது என்று கேட்டார். நான் என்றாள் நாத்தனார். பத்தியின் அகலம் எவ்வளவு என்றார். பூட்டக்கா சொன்னாள். முதலாளி நாத்தனாரிடம், பார்க்காமல் போட்டாயா என்றார். பிறகு பூட்டக்கா பக்கம் திரும்பி, நல்லவேளை உன் கண்ணில் பட்டது, இனி புரோகிராம் குழுவும் உன் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று ஆரம்பித்தார்.

அவளுக்கு அது கேட்டது. வேலை போகவில்லை. அறை போகவில்லை. கண்ணாடி அறையும் கூட வருகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

"எப்படி சார் பார்க்கறது?" என்றாள் நாத்தனார். அழுகை எதுவும் இல்லை, வறண்ட குரல். "ஒரு வருஷமா ஒரு அட்டவணை என் கண்ணுக்குத் தெரியாது. எல்லாத்தையும் இடுப்புல சொருகி வச்சிருக்காங்க. இருட்டுல தையல் போடச் சொல்லிட்டு, கோணலா இருக்குன்னா?"

"கேக்கறதுக்கு என்ன? வாய் இல்லயா?" என்றாள் பூட்டக்கா.

"கேட்டா சொல்லியிருப்பீங்களா அண்ணி?"

அலுவலகத்தில் அவள் அண்ணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெட்டுவதற்காகவே அந்த வார்த்தையை எடுத்த மாதிரி இருந்தது. பூட்டக்காவுக்குத் தலை வரைக்கும் சூடு ஏறியது. நல்லது கெட்டது யோசித்து எதையும் சொல்லவில்லை. திருப்பி அடிக்க ஒன்று வேண்டியிருந்தது; கைக்கு அகப்பட்டதை எடுத்து வீசினாள்.

"சொல்லியிருக்க மாட்டேன். முப்பதுன்னு நேத்து மத்தியானமே பார்த்தேன். துணி எடுக்க வந்தியே, அப்பவும் தெரியும். நீ எல்லார் முன்னாடியும் முழிக்கணும்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். போதுமா?"

நாத்தனாரின் பார்வை பூட்டக்காவிடமிருந்து மேஜைமேல் இருந்த பெட்டிக்குப் போனது, அங்கேயே நின்றது.

"இது போயிருந்தா?" என்றாள் கடைசியில்.

கத்தும் என்று நினைத்தேன், நின்றுவிடும் என்று நினைத்தேன் என்று பூட்டக்கா சொல்லத் தொடங்கினாள். பாதியில் தன் குரலே தனக்குப் பிடிக்காமல் நிறுத்திக்கொண்டாள். நீ ஊகித்து எழுதினாய், நான் ஊகித்துப் பேசாமல் இருந்தேன் என்று அதை வைத்து ஒரு வாக்கியம் மனசில் ஓடியது. அதைச் சொல்லவில்லை. சொன்னால் இருவருக்கும் சமம் என்று ஆகிவிடும். சமமில்லை. ஒருத்தி தெரியாமல் செய்தாள்.

முதலாளி சொன்னதெல்லாம் சுருக்கம். டேட்டாபேஸ் வெளிக்கம்பெனிக்குப் போகும். இந்த மாசத்தோடு பூட்டக்காவின் வேலை முடிந்தது. நாத்தனார் இனி குழுத்தலைவி இல்லை, வேறு ஆள் வரும் வரைக்கும் எழுதுகிறவள் மட்டும். கிடங்கு நிற்கிறது, ஆஸ்பத்திரிகள் போன் பண்ணிக்கொண்டிருக்கின்றன. அதனால் இப்போதே, இதே நிமிஷம், இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு காலியிடத்துக்கும் சரியான அகலத்தைப் போட்டு முடிக்க வேண்டும். அட்டவணைகளைத் திறந்து விடு என்றார். அதற்கு மேல் அவர்களைப் பார்க்க விருப்பமில்லாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜன்னல் இல்லாத அறையில் இரண்டாவது நாற்காலி கிடையாது. நாத்தனார் கண்ணாடி அறையிலிருந்து தன்னுடையதை உருட்டிக்கொண்டு வந்தாள். நடைபாதை முழுக்க ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மேஜை சின்னது, முழங்கை இடிக்காமல் உட்கார முடியவில்லை. பூட்டக்கா அனுமதியைத் திறந்துவிட்டாள். அதற்கு இரண்டு வரி தட்டினால் போதுமாக இருந்தது.

மதியம் வீட்டிலிருந்து போன் வந்தது. பூட்டக்காவின் போனில் புருஷன் பேர் மின்னியது, அவள் எடுக்கவில்லை. பிறகு நாத்தனாரின் போனில் மின்னியது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"மருந்துப் பேர்."

"நூத்தி இருபது."

நாத்தனார் அதை எழுதவில்லை. அட்டவணையைத் திறந்தாள், பத்தியைத் தேடினாள், எண்ணைத் தன் கண்ணால் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தட்டினாள்.

"கம்பெனிப் பேர்."

"எண்பது."

மறுபடி திறந்து, மறுபடி பார்த்து, மறுபடி தட்டினாள். ஆஸ்பத்திரிப் பெயருக்கும் அப்படியே. ஊர்ப் பெயருக்கும் அப்படியே. பூட்டக்கா சொன்ன எதுவும் தப்பாக இல்லை. இருந்தாலும் ஒன்றைக்கூட நாத்தனார் அவள் சொன்னதை மட்டும் கேட்டு எழுதவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்ன இடைவெளி வந்தது. எண் சொல்லி முடித்ததற்கும் விசைப்பலகை சத்தம் கேட்பதற்கும் நடுவில், நாத்தனார் சரிபார்த்துக்கொண்டிருக்கிற நேரம்.

கீழே மேஸ்திரியின் ஆட்கள் பெட்டிகளைப் பிரித்து மருந்துகளை அலமாரிக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். நாடா கிழிபடும் சத்தம் தரை வழியாக ஏறி வந்தது.

"டாக்டர் பேர்," என்றாள் நாத்தனார்.

பூட்டக்கா சொல்ல வாயெடுத்தாள். இந்தப் பத்தி அவளே போன மாசம் மாற்றியது. அறுபதா எழுபதா என்று ஒரு கணம் தடுமாறியது.

"பார்த்துட்டுச் சொல்றேன்," என்றாள்.

"வேண்டாம்," என்றாள் நாத்தனார். "நானே பார்த்துக்கறேன்."